இயங்கு பொறிக்கு ஏடு வகுத்த ஆலன் டூரிங்

தோற்றுவாய்

மக்களாய்ப் பிறந்தோர் எண்ணிலர். அவருள் தம் பெயரை உலகில் நிலைநிறுத்திச் சென்றோர் மிகச் சிலரே. அச்சிலருள்ளும் படை நடத்தி நாடு வென்றோர் புகழ் விரைந்து பரவுகின்றது. தனியறையில் அமர்ந்து எண்ணி எண்ணி உண்மை கண்டோர் புகழோ மெல்லவே பரவுகின்றது. இன்று கணிப்பொறி புகாத கல்லூரி அரிது. அதனை இயக்குவோர் பலர். ஆயின், அப்பொறியினுள் ஒரு வேலை நடந்துகொண்டிருக்கும் பொழுதே அதன் உள்நிலையை எழுத்திற் கண்டு படித்தல் கூடுமோ என வினவுவோர் சிலரே. கூடும் என்பதற்கு அடிப்படை வகுத்தவர் ஆலன் மாத்திசன் டூரிங் என்னும் ஆங்கிலப் பேரறிஞராவர். யூனிக்ஸ் என்னும் இயங்குதளத்தில், ஓடிக்கொண்டிருக்கும் நிரல் ஒவ்வொன்றும் ஒரு கோப்பாய்த் தோன்றும் வியப்பிற்கும், இவர் கண்ட உண்மைக்கும் நெருங்கிய உறவு உண்டு. அவ்வுறவினைக் காட்டி, நாற்பத்தோராண்டே வாழ்ந்த இவர்தம் வரலாற்றைச் சுருங்க உரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பிறப்பும் இளமையும்

டூரிங் 1912-ஆம் ஆண்டு ஜூன் திங்கள் 23-ஆம் நாள் இலண்டன் மாநகரிற் பிறந்தார். பிறந்த இடம் இலண்டனேயாயினும், இவர் குடும்பம் நம் நாட்டோடு தொடர்புடையது. தந்தையார் ஜூலியஸ் டூரிங் சென்னை மாகாணத்தில் இந்திய சிவில் சர்வீஸ் உத்தியோகம் வகித்தவர். அன்னையார் ஈதெல் சாரா கோயமுத்தூரை அடுத்த போத்தனூரில் 1881-ஆம் ஆண்டு பிறந்தவர். சென்னை இரயில்வேயின் தலைமைப் பொறியாளராய் விளங்கிய எட்வர்ட் வாலர் ஸ்டோனி என்பாரின் புதல்வியார். தமையனார் ஜான் 1908-இல் குன்னூரிலே பிறந்தார். தந்தையாரின் உத்தியோகம் காரணமாகப் பெற்றோர் பெரும்பாலும் இந்தியாவில் வாழ நேர்ந்தது. ஆதலின், சிறுவர் இருவரும் இங்கிலாந்தின் தென்கடற்கரையில், ஓய்வுபெற்ற படைத்தலைவர் ஒருவர் இல்லத்தில் வளர்க்கப்பட்டனர். தாய்தந்தையரின் அணைப்பினை ஆண்டுக்கணக்கிற் பிரிந்திருந்தமையால், தன்னுள்ளேயே ஆழ்ந்து எண்ணும் இயல்பு இவருக்கு இளமையிலேயே வாய்த்தது போலும்!

1926-ஆம் ஆண்டு ஷெர்போர்ன் பள்ளியிற் சேர்தற்கு இவர் கப்பலினின்றும் சௌதாம்ப்டன் துறையில் இறங்கிய நாளில், நாடெங்கும் பொது வேலைநிறுத்தம் நிகழ்ந்தது. இரயில் வண்டிகள் ஓடவில்லை. பதின்மூன்று வயதுச் சிறுவராகிய இவர் மனந்தளராது தம் மிதிவண்டியில் ஏறி, இடையே ஓரிரவு விடுதியில் தங்கி, ஏறத்தாழ 60 மைல் வழி கடந்து பள்ளியை அடைந்தார். தடை வந்தவிடத்துத் தாமே வழி காணும் இக்குணம் இவர் வாழ்நாள் முழுவதும் விளங்கிற்று.

அப்பள்ளியில் இவருக்குக் கிடைத்த அரிய நண்பர் கிறிஸ்டபர் மார்கம் என்பவர். இருவரும் விண்மீன்களையும் கணிதத்தையும் பற்றி அளவளாவி மகிழ்ந்தனர். அந்தோ! 1930-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் மார்கம் காசநோயால் உயிர் நீத்தார். நண்பரின் பிரிவு டூரிங்கின் உள்ளத்தைப் பெரிதும் வருத்தியது. உடல் அழிந்தபின் உயிரும் அறிவும் என்னாகின்றன, அறிவு என்பது உடலாகிய பொறியில் எங்ஙனம் தங்குகின்றது என்னும் வினாக்கள் இவர் நெஞ்சில் எழுந்தன. அவற்றைக் குறித்து மார்கத்தின் அன்னையார்க்குப் பன்முறை கடிதம் எழுதினார். பிற்காலத்தில் இவர் செய்த பெருஞ்செயல்கட்கு வித்து இத்துயரிலேயே ஊன்றப்பட்டது எனலாம்.

கற்பனைப் பொறி

1931-இல் இவர் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துக் கிங்ஸ் கல்லூரியிற் புகுந்தார். 1935-ஆம் ஆண்டு, இருபத்திரண்டாம் வயதில், அக்கல்லூரியின் ஆய்வறிஞர் குழுவில் உறுப்பினரானார். அக்காலத்தில் மாக்ஸ் நியூமன் என்னும் பேராசிரியர் கணிதத்தின் அடிப்படைகளைப் பற்றி விரிவுரை நிகழ்த்தினார். கணிதக் கூற்று ஒவ்வொன்றும் நிறுவத்தக்கதா அன்றா எனத் தீர்ப்பதற்குத் திட்டமான ஒரு வழிமுறை உண்டோ என்பது ஜெர்மானிய அறிஞர் ஹில்பர்ட் எழுப்பியிருந்த வினா. அதனைக் கேட்ட டூரிங், வழிமுறை என்பதுதான் யாது என முதலில் ஆராயத் தலைப்பட்டார்.

அந்நாளில் கணிப்பவர் என்றால் தாளும் எழுதுகோலும் கொண்டு கணக்கிடும் மனிதரையே குறிக்கும். அத்தகைய ஒருவரை டூரிங் தம் மனக்கண்முன் நிறுத்தினார். அவர் கட்டமிட்ட தாளில் ஒரு குறியைக் காண்கின்றார். தம் மனநிலைக்கு ஏற்ப அதனை மாற்றுகின்றார். அடுத்த கட்டத்திற்குச் செல்கின்றார். புதியதொரு மனநிலையை அடைகின்றார். எத்துணைப் பெரிய கணக்கும் இச்சிறு செயல்களின் தொகுதியே அன்றோ? ஆதலின் நீண்டதொரு நாடா, அதன்மேல் நகரும் ஒரு முனை, இன்ன நிலையில் இன்ன குறி கண்டால் இன்னது செய்க என்னும் அட்டவணை ஆகிய மூன்றும் அமைந்த கற்பனைப் பொறி ஒன்றனை இவர் வகுத்தார்.

இங்கே நாம் ஊன்றி நோக்கத்தக்கது ஒன்றுண்டு. கணிப்பவர் வேலையின் நடுவே எழுந்து சென்றால் அவ்வேலை என்னாகும்? மீண்டும் வந்து எவ்விடத்தினின்று, எவ்வாறு தொடர வேண்டும் என ஒரு குறிப்பு எழுதி வைத்துவிட்டால் வேலைக்கு யாதொரு குறைவும் நேராது என டூரிங் காட்டினார். அக்குறிப்பு மனநிலைக்கு ஈடாகின்றது. எனவே இயங்கும் பொறியின் நிலை முழுவதையும், அதாவது நாடாவிலுள்ள குறிகள், முனை நிற்கும் இடம், அப்போதைய உள்நிலை ஆகிய யாவற்றையும், ஒரே வரியில் எழுத்துகளாய் எழுதிவிடலாம். இயக்கம் என்பது நிலையற்றது, கண்ணுக்கு அகப்படாதது என்று மயங்கியிருந்த உலகிற்கு, அது எழுதவும் படிக்கவும் தக்கது என அறிவுறுத்தியவர் இவரே.

இதனினும் சிறந்தது பின்வருவது. ஒரு பொறியின் அட்டவணையையே எழுத்தாக்கி மற்றொரு பொறியின் நாடாவில் இட்டால், அம்மற்றைப்பொறி முதற்பொறியின் நிலைகளை ஒன்றன்பின் ஒன்றாக எழுதிச் செல்லுமாறு அமைக்கலாம் என இவர் நிறுவினார். அதுவே எப்பொறியின் தொழிலையும் செய்யவல்ல பொதுப்பொறி. இன்றைய கணிப்பொறிகள் யாவும் அதன் வழித்தோன்றல்கள். எனினும், பொறியின் நிலை முழுவதும் கண்முன் எழுதப்பட்டிருப்பினும், அது முடிவில் எவ்வாறு நடந்துகொள்ளும் என எல்லாப் பொறிகட்கும் பொருந்த முன்கூட்டியே உரைக்கும் வழிமுறை எதுவும் இல்லை என்பதையும் இவர் ஐயமற மெய்ப்பித்தார். ஹில்பர்ட்டின் வினாவிற்கு விடை இல்லை என்பதாயிற்று. இவ்வாராய்ச்சி 1936-ஆம் ஆண்டு இலண்டன் கணிதக் கழகத்திற்கு அனுப்பப்பட்டபோது இவருக்கு வயது இருபத்துமூன்றே. அமெரிக்க அறிஞர் அலோன்சோ சர்ச் வேறொரு நெறியால் இதே முடிவினை அடைந்திருந்தார். அவர்பால் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்து 1938-இல் டூரிங் டாக்டர் பட்டம் பெற்றார்.

போர்க்காலப் பணி

1939-ஆம் ஆண்டு செப்டம்பரில் இரண்டாம் உலகப் போர் மூண்டது. மறுநாளே டூரிங் பிளெட்ச்லி பார்க் என்னும் இடத்திலமைந்த மறைமொழி ஆய்வுநிலையத்தை அடைந்தார். ஜெர்மானியர் தம் கட்டளைகளை எனிக்மா என்னும் பொறியால் மறைத்து அனுப்பினர். அப்பொறியின் சக்கரங்கள் ஒவ்வோர் எழுத்திற்கும் நிலை மாறுவன. அன்றைய நாளுக்குரிய தொடக்கநிலை தெரிந்தாலன்றிச் செய்தியைப் படித்தல் இயலாது. போலந்து நாட்டுக் கணித அறிஞர்கள் ரெயெவ்ஸ்கி முதலானோர் முன்னரே இத்துறையில் வழி திறந்திருந்தனர். தாம் அறிந்தவற்றைப் போருக்குச் சற்று முன்னர் ஆங்கிலேயர்க்கு மனமுவந்து வழங்கினர். அதன்மேல் டூரிங் பாம் என்னும் புதுப்பொறி ஒன்றனை வகுத்தார். கோர்டன் வெல்ச்மன் அதனை மேலும் திருத்தினார். முதற்பொறி 1940-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் நிறுவப்பட்டது. ஜெர்மானியக் கப்பற்படையின் எனிக்மாவை ஆராயும் எட்டாம் குடிலுக்கு டூரிங்கே தலைவராய் இருந்தார். அட்லாண்டிக் கடலில் உணவும் படைக்கலமும் ஏற்றி வந்த கப்பல்கள் நீர்மூழ்கிகளின் வாயினின்று தப்பியதற்கு அக்குடிலின் உழைப்பு பெருந்துணையாயிற்று.

1941-இல் ஆளும் பொருளும் போதாமை கண்டு, இவரும் தோழர் மூவரும் இடையிலிருந்த அதிகாரிகளைக் கடந்து நேரே பிரதமர் சர்ச்சிலுக்கு முறையிட்டனர். வேண்டியன விரைந்து வந்தன. இத்துணைப் பெரிய பணி செய்தும் அதனை வாய்திறந்து கூற இவருக்கு உரிமையில்லை. 1946-இல் அரசாங்கம் ஒரு பட்டம் அளித்தது. காரணம் மட்டும் மறைவாகவே நின்றது. 1959-ஆம் ஆண்டு அன்னையார் தம் மகன் வரலாற்றை நூலாக எழுதியபோதும், இப்பகுதி உலகறியாததாகவே இருந்தது. 1974-ஆம் ஆண்டிற்குப் பின்னரே பிளெட்ச்லியின் செய்தி படிப்படியாக வெளிப்படலாயிற்று.

மெய்யான பொறிகள்

போர் முடிந்தபின் டூரிங் தேசியப் பௌதிக ஆய்வுக்கூடத்திற் சேர்ந்து, தம் கற்பனைப் பொறியை மெய்யாக்க முனைந்தார். 1945-இன் இறுதியில் இவர் வகுத்த திட்டத்தில், நிரலையும் அதற்குரிய எண்களையும் ஒரே நினைவகத்தில் வைக்கும் முறை விரிவாகக் கூறப்பட்டது. ஒரு நிரல் இடையிலே துணைநிரல் ஒன்றனை அழைக்குமாயின், திரும்பவேண்டிய இடத்தை நினைவகத்தில் புதைத்து வைத்துப் பின்னர் அகழ்ந்தெடுக்கும் முறையையும் இவர் அங்கே வகுத்தார். எழுந்து சென்ற கணிப்பவர் விட்டுச்சென்ற குறிப்பே இங்கு வேறுருவில் வந்தது காண்க. நிர்வாகத்தின் தாமதத்தால் மனம் சலித்து, 1948-இல் இவர் மாஞ்செஸ்டர் பல்கலைக்கழகம் சென்றார். ஓய்வுநேரங்களில் நெடுந்தூரம் ஓடுவது இவர் வழக்கம். 1947-இல் மராத்தான் ஓட்டத்தை 2 மணி 46 நிமிடத்தில் முடித்தார் என்றால் இவர் உடலுறுதியை என்னென்பது!

மாஞ்செஸ்டரில் வில்லியம்ஸ், கில்பர்ன் முதலியோர் அமைத்த சிறு கணிப்பொறி 1948-ஆம் ஆண்டு ஜூன் 21-ஆம் நாள் முதன்முதல் இயங்கியது. 32 சொற்கள், சொல்லுக்கு 32 இருமக்குறிகள். அதன் நினைவகம் அவ்வளவே. அந்நினைவகமோ மின்கதிர்க் குழாயின் முகத்தில் மின்னேற்றமாய்த் தங்குவது. அதிலுள்ளது மற்றொரு குழாயின் திரையில் புள்ளிகளும் சிறு கோடுகளுமாய்த் தோன்றும். நிரல் ஓடும்போதே அதன் நினைவகம் மாறுவதைப் பொறியின்முன் நிற்போர் கண்ணாற் காணலாம். அங்கே பின்னர் அமைந்த பெரிய பொறிக்கு, நிரல் எழுதுவோர்க்கான கையேட்டை டூரிங்கே எழுதினார். நண்பர் ஒருவரோடு சேர்ந்து சதுரங்கம் ஆடும் நிரலும் வகுத்தார். அதனை இயக்கத்தக்க பொறி அன்று இல்லாமையால், 1952-இல் தாமே பொறியாய் அமர்ந்து, தாளிற் கணக்கிட்டு, ஒவ்வொரு காய் நகர்த்தற்கும் ஏறத்தாழ அரைமணி செலவிட்டு ஓர் ஆட்டம் ஆடினார். தாம் காட்டிய கணிப்பவர்க்குத் தாமே சான்றாய் நின்றார் எனலாம். பொறி சிந்திக்குமோ என்னும் வினாவை எடுத்துக்கொண்டு 1950-இல் இவர் வெளியிட்ட கட்டுரை இன்றும் அறிஞரால் வாதிக்கப்படுகின்றது.

யூனிக்ஸில் அவர் கருத்து

நிற்க. டூரிங் மறைந்து பதினைந்து ஆண்டுகட்குப்பின், 1969-இல், அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சன், டென்னிஸ் ரிட்சி என்னும் இருவர் யூனிக்ஸ் இயங்குதளத்தைத் தொடங்கினர். அதில் நிரல்கள் பல ஒரே காலத்தில் இயங்குவனபோல் தோன்றும். உண்மையில் உட்கருவாகிய கெர்னல், ஒன்றனைச் சிறிது ஓட்டி நிறுத்தி, அதன் நிலையைக் குறித்துக்கொண்டு, மற்றொன்றனை ஓட்டுகின்றது. நிறுத்திய வேலையைத் தொடர்வதற்கான அக்குறிப்பு டூரிங் கூறிய குறிப்பே அன்றோ? ஆயின் அக்குறிப்புகளைப் பிறர் படிப்பது எளிதாயிருக்கவில்லை. நிரல்களின் பட்டியல் காட்டும் கருவியும் கெர்னலின் நினைவகத்தில் நேரே புகுந்து, அதன் உள்ளமைப்பை அறிந்து தேடவேண்டியிருந்தது.

யூனிக்ஸின் சிறந்த கொள்கை யாவற்றையும் கோப்பாகக் காட்டுவது. அச்சுப்பொறியும் திரையும் கோப்பாய் விளங்கும்போது, இயங்கும் நிரல் மட்டும் ஏன் கோப்பாகலாகாது? பெல் ஆய்வுக்கூடத்து டாம் கில்லியன் இதனைச் செய்து காட்டி 1984-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். பிராக் என்னும் கோப்புறையில் இயங்கும் நிரல் ஒவ்வொன்றும் தன் எண்ணையே பெயராய்க் கொண்டு ஒரு கோப்பாய்த் தோன்றிற்று. அக்கோப்பினுள் இத்தனையாவது பைட்டைப் படிக்க எனக் கேட்டால், அந்நிரலின் நினைவகத்தில் அதே முகவரியிலுள்ளது கிடைக்கும். 1991-இல் தோன்றிய லினக்ஸ் அடுத்த ஆண்டே இம்முறையைத் தழுவிற்று. அங்கே எண் ஒவ்வொன்றும் ஒரு கோப்புறையாகும். முதலில் எழுப்பப்படும் நிரலுக்கு எண் 1. அதனுள் நிலைமை கூறும் கோப்பு ஒன்று; நிரல் ஓடுகின்றதா, உறங்குகின்றதா, அதனைப் பெற்ற நிரல் எது, எத்துணை நினைவகம் கொண்டுள்ளது என்பனவற்றை அது எளிய எழுத்தில் உரைக்கும். மற்றொன்று நினைவகத்தின் வரைபடம். எம்முகவரி முதல் எம்முகவரி வரை படிக்கலாம், எழுதலாம், இயக்கலாம் எனக் காட்டும். இன்னொன்று நினைவகமே.

இக்கோப்புகளை வட்டிற் தேடினால் அகப்படா. அளவு கேட்டால் பெரும்பாலானவை பூச்சியம் என்று விடை வரும். எனினும் திறந்தால் எழுத்து நிறைந்திருக்கும். படிப்போர் கேட்ட அப்பொழுதே கெர்னல் தன் குறிப்பினின்று எழுதித் தருகின்றது. நிரல் முடிந்ததும் கோப்புறையும் மறைகின்றது. இதனாலேயே இதனை மெய்நிகர்க் கோப்பு முறைமை என்பர். இயங்கும் பொறியின் நிலையை எழுத்தாகப் படிக்கலாம் என்னும் டூரிங்கின் உண்மை இங்கே அன்றாடக் கருவியாயிற்று. கணிப்பொறித் துறையின் தலைசிறந்த பரிசு 1966 முதல் டூரிங் பெயரால் வழங்கப்படுகின்றது. யூனிக்ஸ் கண்ட இருவரும் 1983-இல் அப்பரிசினைப் பெற்றமை மிகப் பொருத்தமே.

இறுதி

1951-இல் அரசக் கழகத்தின் உறுப்பினர் என்னும் பெருமை டூரிங்கை வந்தடைந்தது. அடுத்த ஆண்டிலேயே இடி விழுந்தது. தம் இல்லத்தில் நிகழ்ந்த களவு ஒன்றனை இவர் போலீசாரிடம் முறையிட்டார். விசாரணையில் ஆடவர் ஒருவரோடு தமக்கிருந்த உறவினை மறையாது உரைத்தார். 1885-ஆம் ஆண்டுச் சட்டப்படி அஃது அந்நாளிற் குற்றம். களவைக் கூறவந்தவரே குற்றவாளிக் கூண்டில் நின்றார். சிறையா, உடலின் இயல்பை மாற்றும் மருந்தா என இரண்டே வழிகள் வைக்கப்பட்டன. ஓராண்டு அம்மருந்தினை ஏற்றார். நாட்டின் மறைபொருளைக் காத்தவர்க்கு அத்துறையில் மீண்டும் நுழையும் உரிமை மறுக்கப்பட்டது. 1954-ஆம் ஆண்டு ஜூன் 7-ஆம் நாள் வில்ம்ஸ்லோவில் தம் இல்லத்தில் சயனைடு நஞ்சினால் இவர் உயிர் பிரிந்தது. தாமே மாய்த்துக்கொண்டார் என விசாரணை அதிகாரி முடிவு கூறினார். தற்செயலாய் நேர்ந்தது என்றே அன்னையார் இறுதிவரை நம்பினார்.

அச்சட்டப்பிரிவின் கடுமை இங்கிலாந்தில் 1967-இல் தளர்ந்தது. 2009-இல் பிரதமர் நாட்டின் சார்பில் மன்னிப்புக் கோரினார். 2013-இல் அரசியார் இவருக்கு மன்னிப்பு வழங்கினார். 2021-ஆம் ஆண்டு, இவர் பிறந்த ஜூன் 23-ஆம் நாளில், இவர் உருவம் பொறித்த ஐம்பது பவுன் தாள் வெளிவந்தது. காலங்கடந்த நீதி, நீதி பெறவேண்டியவர் செவிக்கு எட்டுவதில்லை.

முடிவுரை

இயங்கும் நிரலின் நினைவகத்தைக் காட்டும் கோப்பிற்கும் காவல் உண்டு என்பதை நண்பர்கள் கருதுதல் வேண்டும். உரியவரும் தலைமை நிர்வாகியுமன்றிப் பிறர் அதனைத் திறக்கக் கெர்னல் இசைவதில்லை. உயிரற்ற நிரலுக்கு அளிக்கப்படும் அக்காவல், அந்நிரல்கட்கெல்லாம் வழிகாட்டிய மனிதரின் அகவாழ்விற்கு அளிக்கப்படவில்லை. பொறியின் நிலையை முழுதும் படித்தாலும் அதன் முடிவைக் கூற இயலாது எனக் கற்பித்தவர் இவர். மனிதரை ஓர் ஏட்டின் ஒரு வரியைப் படித்த அளவிலேயே முடிவு கட்டியது அன்றைய உலகம். அறிவுத்துறையில் இவரைப் பின்பற்றுவோர் பலராவர். பிறர் உள்ளத்தை மதிக்கும் பண்பிலும் இவர் வாழ்வு நமக்குப் பாடமாதல் வேண்டும். டூரிங் பெருமகனாரின் புகழ் நின்று நிலவுக!